விதை மூட்டையில் வந்த வினை

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்றைக்கு ஒரு செடியைப் பற்றி உங்களிடம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது நம் ஊர்ச் செடி இல்லை. நம் மாநிலத்தில் எந்த வயலிலும் நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். "எங்க காட்டுல இருக்கிற கோரையையும் அருகையும் பிடுங்கவே ஆள் கிடைக்கலை. எங்கேயோ இருக்கிற களையைப் பத்தி நமக்கு என்னங்க பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தச் செடி கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கே கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பிடித்துக்கொண்டது. எப்படிப் போனது தெரியுமா? ஒரு விதை மூட்டையில் ஏறிப் போனது. அந்த மூட்டைக்கும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிற மூட்டைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால்தான் இந்தக் கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தச் செடிக்கு விஞ்ஞானப் பெயர் சால்சோலா ட்ராகஸ். அமெரிக்காவில் ரஷ்ய முட்செடி என்கிறார்கள். காய்ந்த பிறகு காற்றில் உருண்டு ஓடுவதால் 'டம்பிள் வீட்', அதாவது உருளும் களை என்ற பெயரும் உண்டு. ரஷ்ய மொழியிலும் இப்படி உருளும் செடிகளுக்கு, வெளியெல்லாம் உருண்டு போவது என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். கடற்கரை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். மணல்மேட்டில் ராவணன் மீசை என்று ஒரு புல் இருக்கிறதல்லவா? அதன் விதைக்கொத்து பந்து மாதிரி முறிந்து, காற்றில் மணல்மேல் உருண்டு ஓடும். அங்கே புல்லின் கொத்து மட்டும்தான் ஓடுகிறது. இங்கே செடி மொத்தமும் ஓடுகிறது.

பிறந்த ஊர்

இந்தச் செடியின் தாய்நாடு உக்ரைன், தெற்கு ரஷ்யா, கஜகஸ்தான் என்று நீண்டு கிடக்கும் வறண்ட புல்வெளி. அதை ஸ்டெப்பி என்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இருக்காது. வருஷத்துக்கு 250 முதல் 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. அதற்கும் தெற்கே போனால் மழை இன்னும் குறைந்து, பாதிப் பாலைவனம் ஆகிவிடும். நம் தமிழ்நாட்டின் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்கு மேல் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த வறட்சி எப்படிப்பட்டது என்பது விளங்கும். கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் தண்ணீரெல்லாம் உறைந்துபோகும் குளிர். காற்றைத் தடுக்க ஒரு மலையோ தோப்போ கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கத் தெரிந்த செடி இது. குடும்பத்தைப் பார்த்தால் நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். நம் தண்டுக்கீரை, நாயுருவி, உப்பு நிலத்தில் வளரும் உமரி எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு வருஷத்துச் செடி. ஒன்றிலிருந்து மூன்று அடி வரை வளரும். இளசாக இருக்கும்போது ஊசி மாதிரி மெல்லிய, மிருதுவான இலைகள். தண்டில் செந்நிறக் கோடுகள். அந்தப் பருவத்தில் ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் மேயும். முற்றிய பிறகு புதிதாக வருகிற இலைகள் குட்டையாகி, நுனியில் முள்ளாகிவிடும். அப்புறம் எந்த மிருகமும் கிட்டே போகாது.

வேர் ஆணிவேர். ஐந்து அடிக்கும் கீழே இறங்கும். பக்கவேர்களும் அதே அளவுக்குச் சுற்றிலும் பரவும். சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு இந்தப் பயிர்களெல்லாம் கடும் வெயிலிலும் குறைந்த தண்ணீரை வைத்துக்கொண்டு நிறைய உணவு தயாரிக்கக்கூடியவை. ரஷ்ய முட்செடியும் அதே ரகம்தான். ஆகவே, பக்கத்தில் நிற்கிற கோதுமை வாடும்போது இது வாடாது.

விதையின் சூட்சுமம்

இதன் விதையை எடுத்துப் பார்த்தால் ஒரு அதிசயம் இருக்கிறது. நெல்லை எடுத்துக்கொண்டால் கரு ஒரு ஓரத்தில் இருக்கும். மற்றதெல்லாம் மாவு. அந்த மாவைத்தான் நாம் அரிசியாகச் சாப்பிடுகிறோம். முளைக்கிற கன்றுக்கு அது கட்டுச்சோறு. இந்தச் செடியின் விதைக்கு அந்தக் கட்டுச்சோறே கிடையாது. விதைக்குள்ளே முழுக் கன்றும் ஜிலேபி மாதிரி சுருண்டு, தயாராகப் படுத்திருக்கிறது. லேசாக ஈரம் பட்டால் போதும். சில மணி நேரத்திலேயே சுருள் அவிழ்ந்து, வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும். மழை குறைந்த பூமியில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு சிறு தூறலைக்கூட வீணாக்காமல் முளைத்துக்கொள்கிற ஏற்பாடு இது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். கையிருப்பு உணவு இல்லாத விதை, இறுகிய மண்ணில் வேர்விட முடியாமல் தவித்துச் செத்துவிடும். பொலபொலவென்று கிளறிய மண் வேண்டும். புல் அடர்ந்து நிற்கிற இடத்திலும் இதற்குப் பிழைப்பில்லை. தவிர, விதைக்கு ஆயுளும் குறைவு. மண்ணில் விழுந்த விதைகளில் பெரும்பாலானவை முதல் வருஷத்திலேயே முளைத்துவிடும், அல்லது கெட்டுப்போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது மிகவும் குறைவு.

சரி, உருள்வது எப்படி? விதை முற்றிய பிறகு, தரையை ஒட்டி அடித்தண்டில் ஒரு வரிசைத் திசுக்கள் பலமிழந்துபோகும். மரத்திலிருந்து பழுத்த இலை உதிர்கிறதே, அதே மாதிரி. இங்கே இலைக்குப் பதிலாகச் செடியே உதிர்கிறது. செடி ஏற்கெனவே பந்து மாதிரி உருண்டை. பலமான காற்று ஒன்று அடித்தால் அடியோடு ஒடிந்து ஓடத் தொடங்கும். விதைகள் இலைக்கக்கத்தில் முள்ளுக்கு நடுவே செருகிக் கிடப்பதால் ஒரேயடியாகக் கொட்டிவிடாது. ஒவ்வொரு முறை தரையில் மோதும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நாம் விதைப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் முழுக்கத் தூவி நடக்கிற மாதிரியேதான். நன்கு வளர்ந்த பெரிய செடி ஒன்றில் இரண்டரை லட்சம் விதை வரைக்கும் இருக்கும்.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும், தாய்நாட்டின் கன்னி நிலத்தில் இந்தச் செடி அடங்கித்தான் கிடந்தது. அங்கே இறகுப்புல் என்கிற புல்லும், நம் மரிக்கொழுந்து இனத்தைச் சேர்ந்த செடிகளும் தரையைப் பாய் விரித்த மாதிரி மூடியிருக்கும். அந்தப் பாயில் எங்கே கிழிசல் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் இதற்கு இடம். வளை தோண்டும் பிராணிகள் தள்ளிய மண்மேடு, ஆட்டு மந்தை மிதித்த தடம், ஆற்றோர மணல், இப்படி. மனிதன் புல்லைப் புரட்டி உழுத நிலத்தில் மட்டும் அங்கேயும் இது தொல்லைதான். இயற்கை சின்னச் சின்னக் கிழிசலுக்கு ஒட்டுப்போட வைத்திருந்த துணி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆளி விதையில் ஒளிந்த பயணம்

1870-களில் ரஷ்யாவிலிருந்து விவசாயக் குடும்பங்கள் பல அமெரிக்காவில் குடியேறின. இன்றைக்குத் தெற்கு டகோட்டா என்று சொல்லப்படும் பகுதியில், பான் ஹோம் என்ற வட்டாரத்தில் இறங்கியவர்கள், கையோடு ஆளி விதை கொண்டுபோனார்கள். எண்ணெய்க்கும் நாருக்கும் பயன்படுகிற ஆளி. புது மண்ணில் நம் பழைய பயிரை வைக்க வேண்டும் என்ற ஆசை. எந்த விவசாயிக்கும் இருக்கிற ஆசைதான். அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆளி விதையோடு கலந்து, ரஷ்ய முட்செடியின் விதையும் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று கொண்டுபோகவில்லை. சலிக்காமல் போன ஒரு மூட்டை. அவ்வளவுதான்.

அங்கே போனால், இந்தச் செடி கனவில்கூடக் காணாத ஒரு வாய்ப்பு காத்திருந்தது. புல்வெளியாகக் கிடந்த பரந்த பூமியை எல்லாம் அப்போதுதான் ஏர் பூட்டிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் கிளறிய மண். தரையை மூடப் புல் இல்லை. ஊரில் இதைத் தின்ற பூச்சிகளும் அங்கே இல்லை. காற்றோ ஸ்டெப்பியில் அடிக்கிற மாதிரியே அடித்தது. கொஞ்சம் இடம் கேட்டு வந்த செடிக்கு, வீட்டையே திறந்து விட்ட கதை.

பிறகு காற்று ஒருபக்கம் உருட்டியது. கதிரடிக்கும் இயந்திரங்கள் பண்ணைக்குப் பண்ணை போனபோது, அவற்றோடு விதையும் போனது. ரயில் வண்டிகள் தானியத்தையும் கால்நடைகளையும் ஏற்றிப் போனபோது, தண்டவாளம் ஓரமெல்லாம் முளைத்தது. 1895-ஆம் ஆண்டு வாக்கில் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் கலிஃபோர்னியா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மூட்டை விதைக்கும் ஒரு தேசத்துக்கும் நடுவே இடைவெளி இருபது வருஷத்துச் சொச்சம்தான்.

அந்த நாட்களில் டகோட்டா விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அறுவடைக்கு இறங்கும் குதிரைகளின் காலில் முள் கீறிப் புண்ணாகாமல் இருக்கத் தோல் உறை கட்டினார்கள். உருண்டு வந்த செடிகள் வேலியில் மலையாகக் குவிந்தன. புல்வெளியில் தீப்பிடித்தால், தீ பரவாமல் இருக்க உழுது வைத்த தடத்தையும் தாண்டி, எரியும் செடிகள் உருண்டு போய் அந்தப் பக்கமும் பற்றவைத்தன. இதை ஒழிக்க 10 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டும் என்று 1890-களில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே வந்தது. அது நிறைவேறவில்லை. முதல் மூட்டையைச் சலித்திருந்தால் ஒரு நாள் கூலியில் முடிந்திருக்கும் வேலை.

இன்றைக்கும் தீரவில்லை. 2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் விக்டர்வில் நகரத்தில் பலமான காற்று இந்தச் செடிகளைக் கொண்டுவந்து சுமார் 150 வீடுகளின் வாசலை அடைத்துவிட்டது. 2019 டிசம்பர் 31 இரவு, வாஷிங்டன் மாநிலத்தில் நெடுஞ்சாலையில் போன கார்களை ஆள் உயரத்துக்கு மேல் மூடிவிட்டது. பனியை அள்ளும் வண்டிகளைக் கொண்டுவந்து, சுமார் பத்து மணி நேரம் பாடுபட்டுத்தான் சாலையைத் திறந்தார்கள்.

குடிக்கும் தண்ணீர்க் கணக்கு

வாசலை அடைப்பது ஊருக்குத் தெரிகிற நஷ்டம். விவசாயிக்கு வருகிற பெரிய நஷ்டம் மண்ணுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. மானாவாரிக்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில், மழையை நம்பிக் கோதுமை போடுகிற பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு ரஷ்ய முட்செடி, கோதுமைப் பயிர் நிற்கும்போது சுமார் 70 லிட்டர் தண்ணீரை மண்ணிலிருந்து உறிஞ்சியது. கோதுமையை அறுத்த பிறகு அந்தச் செடி என்ன ஆனது? சாகவில்லை. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே கிளைத்து, போட்டிக்கு ஆள் இல்லாத நிலத்தில் மேலும் சுமார் 100 லிட்டர் குடித்தது. அதாவது, பயிர் இருந்தபோது குடித்ததைவிட அறுவடைக்குப் பின்னால் குடித்தது அதிகம். அந்த 100 லிட்டர் யாருடையது? அடுத்த பயிருக்குப் பூமி சேர்த்து வைத்திருந்த கையிருப்பு.

நம் கரிசல் காட்டிலும் இதே கணக்குத்தான். சோளத்தை அறுத்துவிட்டோம், இனி என்ன முளைத்தால் என்ன என்று நிலத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். தட்டைக்கு நடுவே நிற்கிற களைகள், பூமிக்கு அடியில் இருக்கிற மிச்ச ஈரத்தை ஓசையில்லாமல் குடிக்கின்றன. தண்ணீரையும் குடித்து, விதையையும் கொட்டிவிட்டுப் போகின்றன. இரட்டை நஷ்டம்.

இந்தச் செடியில் நல்லது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. 1930-களில் அமெரிக்காவில் மழை பொய்த்து, புழுதிப் புயல் அடித்து, கோதுமை கருகிய வருஷங்களில், வயலில் பச்சையாக நின்றவற்றில் இதுவும் ஒன்று. முள் வைப்பதற்கு முன்னால் அறுத்துக் காயவைத்து மாட்டுக்குப் போட்டுக் காப்பாற்றினார்கள். அதிகம் தின்றால் கழிச்சல் ஆகும் என்றாலும் பட்டினிக்கு அது தேவலை. இதன் உறவுச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்துதான் அந்தக் காலத்தில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் காரம் எடுத்தார்கள். ஆகவே, செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனதன் இடத்தில் அதற்கொரு வேலை இருக்கிறது. இடம் மாறினால்தான் வினை.

மருந்தால் முடியவில்லை

"களைக்கொல்லி அடிச்சா தீர்ந்து போச்சே" என்று சிலர் நினைப்பீர்கள். அங்கேயும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில், 1980-களின் கடைசியிலேயே அந்த மருந்துக்குச் சாகாத செடிகள் வந்துவிட்டன. கிளைபோசேட் மருந்தைத் தாங்கி நிற்கும் செடிகள் 2015-ல் மொன்டானா மாநிலத்தில் எடுத்த விதைகளிலிருந்து தெரியவந்தன. சாகாமல் தப்பிய செடியின் விதையையும் காற்று சும்மா விடுமா? அதையும் உருட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போய்விடும். செடியைத் தின்னும் சிறு அந்துப்பூச்சி இரண்டு வகையை 1970-களில் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். அவற்றாலும் பெரிதாக அடக்க முடியவில்லை.

நாம் பட்ட அனுபவம்

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை" என்று ஒதுக்க வேண்டாம். நம்மிடமும் இதே கதை இருக்கிறது. பார்த்தீனியத்தைத் தெரியாத ஊர் உண்டா? அதுவும் நம் நாட்டுச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களின் நடுவில் புனே பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். இறக்குமதியான தானியத்தோடு வந்து பரவியது என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இன்றைக்கு ரயில்பாதை ஓரம், தரிசு, வயல் வரப்பு, பள்ளிக்கூட மைதானம் எல்லா இடத்திலும் வெள்ளைப் பூ பூத்து நிற்கிறது. தோலில் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு. அதைத் தின்ன 1983-ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைத் தருவித்து, பிறகு பல இடங்களில் விட்டார்கள். சில இடங்களில் நன்றாகத் தின்கிறது. ஆனாலும் செடி ஒழிந்தபாடில்லை. ஒழிப்பது எவ்வளவு கஷ்டம், வராமல் தடுப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, விதை. முடிந்தவரை சான்று பெற்ற விதையையே வாங்குங்கள். மூட்டையில் நீல நிற அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. சான்று நெல் விதையில் நூற்றுக்கு 98 பங்கு சுத்தமான விதை இருக்க வேண்டும், களை விதை கிலோவுக்கு 20-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கிலோவுக்கு 20 என்பது சின்னக் கணக்காகத் தெரியும். ஏக்கருக்கு 25 கிலோ விதைத்தால் அதுவே 500 களை விதை. சான்று விதைக்கே இந்தக் கணக்கு என்றால், களத்தில் கூட்டி அள்ளி, சலிக்காமல் கட்டிவைத்த மூட்டையில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சொந்த விதை வைத்திருப்பவர்கள், விதைக்கென்று விடுகிற பாத்தியில் களை பூக்கும் முன்பே இரண்டு மூன்று முறை நடந்து பிடுங்கிவிடுங்கள். அறுத்து அடித்த பிறகு தூற்றி, சலித்து, முறத்தில் புடைத்து எடுங்கள். இந்த வேலையில் தாய்மார்களின் கைக்கு இணையில்லை. அவர்கள் கண்ணுக்கு ஒரு கருப்பு விதைகூடத் தப்பாது. நெல்லாக இருந்தால் உப்புக் கரைசலிலும் போடலாம். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, ஒரு நல்ல கோழி முட்டையைப் போட்டால், பழைய நாலணாக் காசு அகலத்துக்கு அதன் மேல்பக்கம் வெளியே தெரிந்து மிதக்க வேண்டும். அந்தப் பக்குவத்தில் நெல்லைக் கொட்டினால் பதரும், இலேசான களை விதையும் மிதக்கும். அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். அலசாமல் விட்டால் முளைப்பு கெடும்.

இரண்டாவது, இயந்திரம். இப்போது அறுவடை இயந்திரங்கள் ஜில்லா விட்டு ஜில்லா, மாநிலம் விட்டு மாநிலம் வருகின்றன. போன ஊரின் களை விதை அதன் சந்துபொந்தில் ஒட்டிக்கொண்டு வரும். டகோட்டாவில் கதிரடிக்கும் இயந்திரம் செய்த வேலையை இங்கே இது செய்துவிடும். வயலுக்குள் இறங்கும் முன் ரோட்டு ஓரமாக நிறுத்தி, கூட்டித் தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போகும், போகட்டும். கூட்டி விழுந்த குப்பையை அங்கேயே கொளுத்திவிடுங்கள்.

மூன்றாவது, எரு. நன்றாக மக்காத குப்பையில் களை விதை உயிரோடு இருக்கும். குழியில் போட்டு, சூடேறி, மக்கிய பிறகே வயலுக்கு அடியுங்கள். ஆட்டுக்கிடை போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் சீமைக் கருவேலங்காய் தின்ற ஆட்டின் வயிற்றில் அதன் விதை சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும். ஆகவே, கிடை போட்ட நிலத்தில் முதல் மழைக்குப் பின் முளைக்கிற கருவேலங்கன்றை விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். கை நீளம் ஆனால் கடப்பாரை தேட வேண்டியிருக்கும்.

நான்காவது, பூக்கும் முன் பிடுங்குவது. "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். பூத்த பிறகு பிடுங்கினால், அதை வரப்பில் போடாதீர்கள். பிடுங்கிய செடியிலேயே விதை முற்றிவிடுகிற களைகள் உண்டு. குழியில் போட்டு மூடுங்கள், அல்லது காயவைத்துக் கொளுத்துங்கள். பார்த்தீனியத்தைப் பிடுங்கும்போது கைக்கு உறையோ, துணியோ, பிளாஸ்டிக் பையோ கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, அறுவடைக்குப் பிந்திய நிலம். அந்த 100 லிட்டரை மறக்காதீர்கள். அறுத்ததும் ஈரம் இருக்கும்போதே ஒரு உழவு ஓட்டித் தாள்களையும் களையையும் மடக்கிவிடுங்கள். உழவுக்கு வழியில்லாவிட்டால், நிற்கிற களையையாவது விதை வைக்கும் முன் வெட்டிவிடுங்கள்.

ஆறாவது, தரையை மூடி வையுங்கள். ரஷ்ய முட்செடி அதன் தாய்நாட்டில் அடங்கிக் கிடந்தது எதனால் என்று பார்த்தோம். மருந்தினால் அல்ல, தரையை மூடிய புல்லினால். சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு, உளுந்து என்று ஊடுபயிர் போட்டால் தரை மூடும். தோட்டத்தில் சருகையும் தோகையையும் மூடாக்காகப் போடலாம். பயிர் வைக்க முடியாத மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் விதைத்துவிட்டால், களைக்கும் இடமில்லை, ஆட்டுக்கும் தீவனம்.

ஏழாவது, ஊர் ஒற்றுமை. உருளும் செடிக்கு வரப்பு தெரியாது, பட்டா தெரியாது. ஒருவர் சுத்தமாக வைத்து, பக்கத்துக்காரர் பூக்க விட்டால் உழைப்பு வீண். நம் களைகளும் அப்படித்தான். ஓடைக்கரை, ரோட்டோரம், கோயில் புறம்போக்கு இவற்றுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்று விட்டுவிடுகிறோம். மழை பெய்து பதினைந்து இருபது நாளில், பூக்கும் முன்னே, ஊர் கூடி ஒரு நாள் ஒதுக்கினால் போதும். விதை விழாமல் தொடர்ந்து சில வருஷம் பார்த்துக்கொண்டால், மண்ணில் இருக்கிற கையிருப்பு தானாகக் குறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வரும்போது, அங்கே நன்றாக விளைகிறது, பூ அழகாக இருக்கிறது என்று விதைப் பொட்டலம் கொண்டுவர ஆசைப்படுவார்கள். ஆளி விதை கொண்டுபோன அந்தக் குடியானவர்களைப் போல, நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவருவார்கள். ஆனால் முறைப்படி அனுமதியும், தாவரத் தூய்மைச் சான்றும், சோதனையும் இல்லாமல் விதை கொண்டுவரக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக் காப்பு ஆணை சொல்கிறது. அது நம்மைத் தொந்தரவு செய்யப் போட்ட சட்டம் இல்லை, நம் நிலத்துக்குப் போட்ட வேலி. "சாமி, விதை மட்டும் வேண்டாம்" என்று போனில் பேசும்போதே சொல்லி வையுங்கள்.

அதேபோல, இதுவரை பார்க்காத செடி ஒன்று வயலிலோ, ரயில்பாதை ஓரத்திலோ, தானிய லாரி நிற்கிற இடத்திலோ முளைத்திருந்தால், "என்னமோ ஒரு செடி" என்று விட்டுவிடாதீர்கள். பூவும் இலையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டுங்கள். ஒரு செடியாக இருக்கும்போது ஒரு ஆள் பிடுங்கலாம். ஒரு ஊராகப் பரவிவிட்டால் ஒரு சர்க்காராலும் முடியாது.

இந்தப் பட்டத்துக்கு விதை எடுக்கும்போது, மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளி, வெள்ளைத் துணியில் பரப்பி, வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். நாம் விதைக்கப்போவது பயிரை மட்டும்தானா என்பது அப்போதே தெரிந்துவிடும்.